கடைசி மெத்ரோவும் கோடு வரைந்தவர்களும்

பாரிசுக்குப் புதிதாக வந்து சேருகிற ஒருவருக்கு எம்மவர்கள் பிரெஞ்சு படிப்பிக்க முதலே மெத்ரோ படிப்பித்துவிடுகிறார்கள். ஐந்தாம் இலக்கம் பொபினிக்கு, ஏழாம் இலக்கம் லாக்கூர்நெவ்வுக்கு, லாச்சப்பல் கடைகளுக்கு இரண்டாம் இலக்கம், சார்செல் பக்கம் போவதென்றால் ஆர்.ஈ.ஆர். 'டே'. ஒரு கிழமைக்குள் பாடம் முடிந்துவிடும். விசா கிடைக்கப் பத்து வருடம் சென்றவர்கள்கூட இந்த வரைபடத்தைப் பத்தே நாளில் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். வீடு எடுப்பது, வேலை எடுப்பது, ஏன், கல்யாணம் பேசுவதுகூட (மாப்பிள்ளை எந்த லைனில் இருக்கிறார்?) இந்தக் கோடுகளை அனுசரித்துத்தான் நடக்கிறது.

ஆனால் அந்தக் கோடுகளை யார் வரைந்தார்கள், எவருடைய காசில் வரைந்தார்கள், ஏன் ஒரு புறநகரிலிருந்து பக்கத்துப் புறநகருக்குப் போவதற்குப் பலவேளைகளில் பாரிசுக்குள் வந்து திரும்ப வேண்டியிருக்கிறது என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை. ஊரில் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் புவியியல் படித்து, மீதியைப் படிக்க முடியாமல் வெளிக்கிட்டவன் நான். இங்கே ஒரு ரெஸ்ரோறன்டின் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி இப்போது மரக்கறி வெட்டுவதுவரை வந்திருக்கிறேன். அந்தப் பழைய படிப்பின் பழக்கதோசத்தில் லீவு நாட்களில் நகரசபை நூலகத்தில் இருந்து வாசித்ததுதான் இந்தக் கட்டுரைக்கு ஆதாரம்.

பாரிஸ் மெத்ரோ ஒரு சண்டையில் பிறந்தது. 1870களிலிருந்தே நகரத்துக்கு ஒரு ரயில் வேண்டும் என்பதில் ஒருவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. என்ன ரயில் என்பதில்தான் பிரச்சினை. அரசும் பெரிய ரயில் கம்பனிகளும், கார் து நோர், கார் து லியோன் போன்ற பெரிய நிலையங்களை நகரத்தின் நடுவால் இணைக்கவேண்டும் என்றன. பாரிஸ் நகரசபை மறுத்தது. தன் எல்லைக்குள் மட்டும் ஓடுகிற, தன் குடிகளுக்கு மட்டுமான ரயில்தான் அதற்கு வேண்டும். வெளியே ரயில் போனால் சனமும் வெளியே போய்விடும், நகர வாசலில் பொருட்களுக்கு அறவிடும் வரியும் குறைந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம். கம்பனிகள் நகரத்தை விழுங்கிவிடும் என்ற பயம் இன்னொரு பக்கம். இருபது வருடத்துக்கு மேலாக இழுபட்ட இந்த வழக்கை முடித்து வைத்தது 1900ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சி. உலகமே பார்க்க வருகிறபோது குதிரை வண்டிகளை மட்டும் காட்ட முடியாதல்லவா. 1895இல் அரசு விட்டுக்கொடுத்தது. 1898 மார்ச்சில் சட்டம் வந்தது. ஃபுல்ஜோன்ஸ் பியாந்வெனு என்ற பொறியியலாளர், ரயில்வே வேலையில் ஒரு விபத்தில் இடது கையை இழந்தவர், வேலையைப் பொறுப்பெடுத்தார். 1900 ஜூலை 19ஆம் திகதி போர்த் து வன்சேனுக்கும் போர்த் மையோவுக்கும் இடையில் முதலாவது வண்டி ஓடியது.

நகரசபை தன் சந்தேகத்தைச் சட்டத்தில் மட்டும் எழுதவில்லை, கல்லிலும் எழுதியது. மெத்ரோப் பெட்டியின் அகலம் 2.40 மீற்றர். பெரிய ரயில் பெட்டிகள் நுழைய முடியாத அளவுக்குச் சுரங்கங்கள் ஒடுக்கமாக வெட்டப்பட்டன. பிரான்சின் ரயில்கள் இடது பக்கத்தால் ஓட, மெத்ரோ வலது பக்கத்தால் ஓடுகிறது. நூற்றுச் சொச்ச வருடத்துக்கு முன்னர் இரண்டு அதிகாரங்கள் ஒன்றையொன்று நம்பாததால் வந்த அந்த ஒடுக்கத்துக்குள்தான் இன்றைக்கும் காலை எட்டு மணிக்கு நாங்கள் நெரிபடுகிறோம்.

பாரிசைச் சுற்றி அப்போது ஒரு மதில் இருந்தது. 1919இலிருந்து அது இடிக்கப்பட்டது. மதில் இருந்த வளையத்தை ஒட்டி 1973இல் பெரிஃபெரிக் நெடுஞ்சாலை பூர்த்தியானது. ஆனால் மெத்ரோ நிலையங்களின் பெயரில் மதில் இன்னும் நிற்கிறது: போர்த் து லா வில்லெத், போர்த் து கிளினியான்கூர், போர்த் து லா சப்பல். 'போர்த்' என்றால் வாசல். வாசலோடு ரயில் நின்றுவிடும். அதற்கு அங்காலே தொழிற்சாலைகளும் தொழிலாளரும். 1934இல்தான், அதுவும் பணக்காரர் இருக்கும் மேற்குப் பக்கமாக, மெத்ரோ முதல் தடவையாக நகர எல்லையைத் தாண்டியது. ஏழாம் இலக்கம் போர்த் து லா வில்லெத்துக்கு வந்தது 1910இல், அடுத்ததாக ஒபர்வில்லியே கோட்டைக்குப் போனது 1979இல், லாக்கூர்நெவ்வுக்கு 1987இல். பன்னிரண்டாம் இலக்கத்தின் கதை இன்னும் விசேசம். போர்த் து லா சப்பல் நிலையம் திறந்தது 1916இல். அதற்கு அடுத்த ஒரேயொரு நிலையத்துக்குப் போக அது எடுத்த காலம் 96 வருடம்! 2012 டிசம்பரில்தான் ஃப்ரோன் பொப்புலேர் திறக்கப்பட்டது. ஒபர்வில்லியே நகரசபைக் கட்டடத்தடிக்கு வர 2022 ஆகிவிட்டது.

புறநகர்களுக்கு மெத்ரோ இல்லாவிட்டாலும் ட்ராம் இருந்தது. 1921இல் பஸ்ஸையும் ட்ராமையும் ஒரே கம்பனியின் கீழ் கொண்டுவந்தார்கள். முதல் தடவையாக ஒரு கை முழு வலையையும் பிடித்தது. பிடித்த கையே அதை அறுத்தும்விட்டது. காருக்கு வழிவிட வேண்டுமென்று 1930களில் ட்ராம் தண்டவாளங்கள் கிளப்பப்பட்டன. அந்த வலையின் கடைசி ட்ராம் 1938 ஓகஸ்டில் ல ரன்சிக்கும் மோன்ஃபெர்மெய்க்கும் இடையில் ஓடி நின்றது. மோன்ஃபெர்மெய் என்ற பெயரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. நன்றாக ஒருங்கிணைந்த போக்குவரத்து எதற்கும் பயன்படும். 1942 ஜூலை 16, 17ஆம் திகதிகளில் பிரெஞ்சுப் பொலிஸ் பாரிசிலும் சுற்றுப்புறங்களிலும் 13,000க்கு மேற்பட்ட யூதர்களைக் கைது செய்தபோது, அவர்களில் நாலாயிரத்துக்கு மேல் குழந்தைகள், அவர்களை வெலோட்றோம் திவேர் விளையாட்டு அரங்கத்துக்கும் ட்றான்சி முகாமுக்கும் ஏற்றிச் சென்றவை பாரிஸ் நகரத்துப் பயணிகள் பஸ்கள். அதே ட்றான்சியில் இன்று எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. 1961 ஒக்டோபர் 17இல் ஊரடங்குக்கு எதிராக அமைதியாக ஊர்வலம் வந்த அல்ஜீரியர்கள் பலர் மெத்ரோப் படிகளில் ஏறி வெளியே வரும்போதே பிடிபட்டார்கள். அன்றிரவு பிடிபட்ட பதினோராயிரத்துக்கு மேற்பட்டவர்களில் பலரைத் தடுப்பு இடங்களுக்குக் கொண்டுபோனவையும் நகரத்துப் பஸ்கள்தாம், பொலிஸ் கேட்டு எடுத்தவை. பஸ் எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பவன் யார் என்ற கேள்வி எங்களைப் போன்றவர்களுக்கு வெறும் நிர்வாகக் கேள்வி இல்லை.

யுத்தத்துக்குப் பிறகு, 1948 மார்ச்சில் வந்த சட்டத்தால் மெத்ரோவும் பஸ்சும் ஆர்.ஏ.ரி.பி. என்ற அரச நிறுவனமாயின. பெரிய ரயில்கள் ஏற்கனவே 1938இலிருந்து எஸ்.என்.சி.எஃப். கையில். இரண்டுக்கும் மேலே இருந்து பார்க்க 1959இல் 'பாரிஸ் போக்குவரத்துக் கூட்டமைப்பு' என்று ஒன்றை உண்டாக்கினார்கள். கூட்டமைப்பு என்ற சொல்லைக் கேட்டு ஏமாறக்கூடாது. அரசின் ஆட்கள்தான் அதில் பலமாக இருந்தார்கள். தலைமைக் கதிரையிலும் அரசின் அதிகாரிதான்.

1961இல் டி கோல், போல் டெலூவ்ரியே என்பவரைப் பாரிஸ் பிராந்தியத்துக்குப் பொறுப்பாக நியமித்தார். ஹெலிகொப்டரில் புறநகர்களுக்கு மேலால் பறந்தபோது இந்த அலங்கோலத்தை ஒழுங்குபடுத்தித் தா என்று டி கோல் அவரிடம் சொன்னதாக ஒரு கதை பரவலாக உண்டு. மெய்யோ பொய்யோ, கதைக்குப் பொருத்தமான ஆள். டெலூவ்ரியே அதற்கு முன்னர் 1958 முடிவிலிருந்து 1960வரை அல்ஜீரியாவில் பிரெஞ்சு அரசின் பிரதிநிதியாக இருந்தவர். போரின் நடுவில் ஒரு நாட்டை மேலேயிருந்து நிர்வகித்தவர் இங்கே வந்து ஒரு மாநகரத்தை மேலேயிருந்து வரைந்தார். 1965இல் வெளிவந்த அவரது திட்டத்தில் எட்டுப் புதிய நகரங்கள், அவற்றைப் பாரிசோடு இணைக்க வேகமான ரயில் பாதைகள். 2000ஆம் ஆண்டில் பிராந்தியத்தின் சனத்தொகை ஒரு கோடியே நாற்பது இலட்சமாகும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். வந்தது ஒரு கோடியே பத்து இலட்சம் அளவில்தான். இருந்தாலும், கணக்குப் பிழைத்துப் போன ஒரு திட்டம் இவ்வளவு வேலை செய்திருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம் உண்டு. கடைசி வண்டியைத் தவறவிட்டவனுக்கும், மேலேயிருந்து கோடு வரைந்த அந்தக் கையின்மேல் கொஞ்சம் மரியாதை வரத்தான் செய்கிறது.

ஆர்.ஈ.ஆரின் முதல் துண்டு 1969 டிசம்பரில் நசியோனிலிருந்து புவாசி சென் லெஜேக்கு ஓடியது. 1977 டிசம்பர் 8ஆம் திகதி சத்லே நிலையம் திறக்கப்பட்டபோது கிழக்கும் மேற்கும் 'ஆ' பாதையில் இணைந்தன, தெற்கிலிருந்து 'பே' பாதையும் அங்கே வந்து முட்டியது. பெரிய ரயில்கள் நகரத்தின் நடுவால் போகவேண்டும் என்று 1870களில் அரசு கேட்டதை, அரசு நூறு வருடம் கழித்து நிலத்துக்கு இன்னும் ஆழத்தில் செய்து முடித்தது.

இணைப்பு என்றால் என்ன என்று பார்க்க விரும்புபவர்கள் கார் து நோர் கீழ்த்தளத்தில் 'பே' பாதையைப் பார்க்கலாம். தெற்கே ஆர்.ஏ.ரி.பி.யின் 1,500 வோல்ற் மின்சாரம், வடக்கே எஸ்.என்.சி.எஃபின் 25,000 வோல்ற். இரண்டிலும் ஓடக்கூடிய புதுவகை ரயில் செய்து 1983இல் வண்டிகளை ஊடறுத்து ஓடவிட்டார்கள். வண்டி ஒன்றுதான், மனிதர்கள் இரண்டு: வருடக்கணக்காகக் கார் து நோரில் ஒரு நிறுவனத்தின் சாரதி இறங்க, மற்ற நிறுவனத்தின் சாரதி ஏறினார். 2009வரைக்கும் இது நடந்தது. சாரதிக்காக வண்டி காத்து நிற்கும், வண்டிக்காகச் சனம் காத்து நிற்கும். மின்சாரத்தை இணைக்கிறது இலகு போலும்.

காசின் கதைக்கு வருவோம். 1971 ஜூலையில் ஒரு சட்டம் வந்தது. பாரிஸ் பகுதியில் ஒன்பது பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், தான் கொடுக்கும் சம்பளத்தொகையில் ஒரு வீதத்தைப் போக்குவரத்துக்குக் கட்டவேண்டும். தொழிலாளியை வாசலுக்குக் கொண்டுவந்து விடுகிற ரயிலால் லாபம் அடைவது முதலாளியும்தானே என்பதே இதன் தர்க்கம். பெயர் மாறி, வீதம் ஏறி, இன்றைக்கும் இந்தப் பிராந்தியத்தின் போக்குவரத்தை ஓட்டும் ஆகப்பெரிய வருமானம் இதுதான். நாங்கள் வாங்கும் ரிக்கற்றுகள் எல்லாம் சேர்ந்து அதற்குக் கீழேதான் வரும். அப்படியிருக்க, ரிக்கற் எடுக்காமல் மதில் பாய்கிற நாலு பொடியன்களால் மெத்ரோ நட்டத்தில் ஓடுகிறது என்று ரெஸ்ரோறன்ட் வாடிக்கையாளர்கள் கதைப்பதைக் கேட்கச் சிரிப்பு வரும்.

அதற்கு அடுத்த பெரிய காரியம் 1975 ஜூலை 1ஆம் திகதி அறிமுகமான 'கார்த் ஒறாஞ்' என்ற மாதாந்த அட்டை. அதுவரை புறநகர்த் தொழிலாளி பஸ்ஸுக்கு ஒரு ரிக்கற், ரயிலுக்கு இன்னொன்று, மெத்ரோவுக்கு வேறொன்று எடுக்கவேண்டும். இப்போது படம் ஒட்டிய ஒரு அட்டை, ஒரு சின்னக் காந்த ரிக்கற், எல்லாவற்றிலும் ஏறலாம். பஸ்ஸில் ஏறுவோர் தொகை உடனேயே வெகுவாகக் கூடியது. எங்களில் மூத்தவர்களுக்கு அந்த அட்டைமேல் ஒரு தனிப் பாசம். எண்பதுகளில் வந்து இறங்கியவர்களுக்கு இந்த நாட்டில் தங்கள் படத்தோடு கிடைத்த முதலாவது அட்டை அதுதான் என்று ஒரு அண்ணை சொன்னார். பொலிஸ் மறித்தால் அதையும் எடுத்துக் காட்டுவார்களாம். அதற்கு எந்தப் பெறுமதியும் இல்லையென்று தெரிந்தும்தான்.

1982இல் இன்னொரு சட்டம்: வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் அட்டையின் பாதிக் காசை முதலாளி கொடுக்க வேண்டும். 2009இல் இது முழு நாட்டுக்கும் வந்தது. சம்பளத் துண்டில் ஒரு சின்ன வரியாக அது இருக்கும். ஆனால் சம்பளத் துண்டே இல்லாதவர்களுக்கு? களவாக வேலை செய்பவனுக்கு அந்த வரி இல்லை. அவன் பெயரில் முதலாளி போக்குவரத்து வரியும் கட்டுவதில்லை. நான் முதலில் வேலை செய்த இடத்தில் ஆறு பேரில் இரண்டு பேருக்குத்தான் பதிவு. பாதிக் காசு கிடைத்ததும் அந்த இரண்டு பேருக்குத்தான். நகரத்துக்கு ஆகப் பிந்தி வீட்டுக்குப் போகிறவன் முழுக் காசும் கட்டிப் போனான்.

கோடு கீறும் பேனை கைமாறிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2000 டிசம்பரில் வந்த சட்டம் பிராந்திய சபைக்கு முதல் தடவையாகப் போக்குவரத்துக் கூட்டமைப்பில் இடம் கொடுத்தது. 2004 சட்டத்தின்படி அடுத்த வருடம் அரசு அதிலிருந்து விலக, தலைமை பிராந்திய சபைத் தலைவருக்குப் போனது. 2017இலிருந்து அதன் பெயர் 'இல் து பிரான்ஸ் மொபிலித்தே'. எந்தப் பாதை, எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி, என்ன விலை என்பதை அது தீர்மானிக்கிறது. ஓட்டுகிற நிறுவனங்களோடு வருடக்கணக்கில் ஒப்பந்தம் எழுதுகிறது. பேனை அரசின் கையிலிருந்து வாக்குப் பெற்றவர்களின் கைக்கு வந்ததில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. நன்மைக்கு இரண்டு உதாரணம். 2005 செப்டெம்பரில் 'நொக்தீலியன்' இரவு பஸ்கள் வந்தன. சத்லேயையும் நான்கு பெரிய ரயில் நிலையங்களையும் மையமாக வைத்து, ஒன்றேகாலுக்கு மெத்ரோ நின்ற பிறகும் புறநகருக்குப் போக ஒரு வழி. குசினி கழுவி முடித்துக் கார் து லெஸ்டில் அந்த பஸ்ஸுக்கு நிற்பவர்களில் பாதிப்பேர் எங்களைப் போல் எண்ணெய் மணக்கிறவர்கள்தான். இரண்டாவது, 2015 செப்டெம்பர் 1இலிருந்து நவிகோ அட்டைக்கு வலயப் பாகுபாடு இல்லாமல் எல்லாருக்கும் ஒரே விலை, மாதம் 70 யூரோ. தூரத்தில் இருப்பவன் கூடக் கட்டிய காலம் முடிந்தது. (2025இல் அது 88.80 யூரோவாகிவிட்டது என்பது வேறு விடயம்.)

ஆபத்துக்கு உதாரணம் எங்களைத் தொட்டது. விசா இல்லாதவர்களுக்கு அரச மருத்துவ உதவி அட்டை ஒன்று உண்டு. கேஸ் றிஜெக்ட் ஆகி நிற்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். அந்த அட்டை வைத்திருந்தவர்களுக்கு மாதாந்தப் பயண அட்டையில் முக்கால் பங்கு கழிவு இருந்தது. 2015 டிசம்பரில் வலெரி பெக்ரெஸ் தலைமையில் வலதுசாரிகள் பிராந்திய சபையை வென்றார்கள். 2016 பெப்ரவரியில் அந்தக் கழிவு நிறுத்தப்பட்டது. சட்டவிரோதமாக இருப்பவருக்கு உதவக்கூடாது என்பது வாதம். சங்கங்களும் எதிர்க்கட்சியினரும் நீதிமன்றம் போனார்கள். 2018 ஜனவரியில் பாரிஸ் நிர்வாக நீதிமன்றம் அந்த முடிவை ரத்துச் செய்தது, ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. நீதிமன்றம் எடுத்துக்காட்டியது மேலே சொன்ன அதே 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த ஒரு ஏற்பாட்டை: குறைந்த வருமானம் உள்ளவருக்கு ஆகக்குறைந்தது பாதிக் கழிவு கொடுக்கவேண்டும், வருமானம்தான் அளவுகோல், விசா அல்ல. பிராந்திய சபையைப் பேனை பிடிக்கும் மேசையில் முதன்முதலாக இருத்திய சட்டமே அந்தப் பேனையைத் தடுத்தும் விட்டது.

ஆனால் இடையில் போனது இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் அட்டை வாங்க முடியாதவர்கள் என்ன செய்தார்கள்? நடந்தார்கள். கொன்றோல் நிற்காத பஸ்ஸைப் பார்த்து ஏறினார்கள். மறிபட்டால் அபராதம், அபராதம் கட்டாவிட்டால் கடிதம், கடிதம் போக விலாசமில்லை. வேலைக்கு நேரத்துக்குப் போக முடியாமல் வேலை இழந்தவர்களை எனக்குத் தெரியும். தீர்ப்பு வந்தபோது அவர்களில் ஒருவர் இத்தாலிக்கே போய்விட்டிருந்தார்.

பழைய சண்டை 2009இல் புது வேசத்தில் வந்தது. சார்க்கோசியின் அரசு பாரிசைச் சுற்றி 130 கிலோமீற்றரில் 40 நிலையங்களோடு ஒரு தானியங்கி மெத்ரோ போடப்போவதாக அறிவித்தது. விமான நிலையங்கள், வணிக மையங்கள், ஆராய்ச்சிக் கூடங்கள், இவைதான் அதன் நோக்கம். இடதுசாரிகள் கையில் இருந்த பிராந்திய சபையிடம் வேறொரு வளையம் இருந்தது. சனம் அடர்த்தியாக இருக்கிற அண்மைப் புறநகர்களை இணைக்கிற வளையம். 2010 ஜூனில் அரசு தனக்கென்று ஒரு நிறுவனத்தைச் சட்டத்தால் உண்டாக்கியது. கடைசியில் 2011 ஜனவரியில் இரு பகுதியும் சமரசத்துக்கு வந்தன. இரண்டு படமும் ஒன்றாகி 200 கிலோமீற்றர், 68 நிலையங்கள் என்று வளர்ந்தது. பிராந்தியத்தில் பெரும்பாலான பயணங்கள் புறநகரிலிருந்து புறநகருக்கு என்ற உண்மை நூறு வருடம் பிந்தி வரைபடத்தில் ஏறியது. இதன் முதல் பலனாகப் பதினாலாம் இலக்கம் 2024 ஜூனில், ஒலிம்பிக் தொடங்க ஒரு மாதம் இருக்க, சென் டெனி பிளெயேலுக்கு வந்தது. 1900இல் கண்காட்சி, 2024இல் ஒலிம்பிக். விருந்தாளி வருகிறபோதுதான் வீட்டுக்காரருக்குப் படி கட்டத் தோன்றுகிறது.

இனி மோன்ஃபெர்மெய்க்கு வருவோம். 2005 ஒக்டோபர் 27இல் பக்கத்து ஊரான கிளிசி சூ புவாவில் பொலிசுக்குப் பயந்து மின்மாற்றி நிலையத்துக்குள் ஒளித்த இரண்டு பொடியன்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். மூன்று கிழமை புறநகர்கள் எரிந்தன. அப்போதுதான் பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள்: பாரிசிலிருந்து பதினைந்து கிலோமீற்றர் தூரத்தில், ஒரு ரயில் நிலையமும் இல்லாத ஊர். பஸ்ஸும் ரயிலுமாக மாறிப் பாரிசுக்குள் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல். எங்கள் சமையல்காரர் ஒருவர் அந்தப் பக்கம்தான் இருந்தார். மத்தியானச் சமையல் முடிந்து இரவுச் சமையல் தொடங்குமுன் கிடைக்கும் மூன்று மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போய்வர முடியாததால், குசினிக்குப் பின்னால் மாச் சாக்குகளுக்குமேல் படுத்திருப்பார்.

அந்த ஊர்களுக்கு ஒரு ட்ராம் விடத் தீர்மானித்தபோது வழியிலிருந்த நகரசபைகள் சில எதிர்த்தன. தங்கள் தெரு ஒடுக்கமாம். கூட்டங்கள், வழக்குகள், மாற்றுப் படங்கள். கடைசியில் 2019 டிசம்பரில் நாலாம் இலக்க ட்ராமின் புதுக் கிளை கிளிசி சூ புவாவுக்குள் ஓடத் தொடங்கியது. 2020 ஓகஸ்டில் அது மோன்ஃபெர்மெய் ஆஸ்பத்திரிவரை போனது. 1938 ஓகஸ்டில் அந்த ஊரில் ட்ராம் நின்றதிலிருந்து அது சரியாக 82 வருடம். சமையல்காரர் அதற்குள் சார்செல்லுக்கு வீடு மாறிவிட்டார்.